ஈட்டி மரமும் கிதாரும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு கைவினை வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கிதார் தமிழ்த் திரையிசையில் வேரூன்றிய கருவி. அவ்வேரூன்றலில் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பங்கு முதன்மையானது. அக்கருவியின் உடலாகும் ஈட்டி மரமோ மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. இசையும் மரமும் ஒரே மலைத்தொடரைச் சார்ந்திருந்தும், அவ்விரண்டையும் இணைக்க வேண்டிய சிறு பட்டறை தமிழ்நாட்டில் மரபாக உருப்பெறவில்லை. இவ்விடைவெளிக்கான காரணங்களைக் கருவியாக்க நுட்பம், மரவணிகம், வனச்சட்டம் ஆகிய மூன்றன் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கிதார், ஈட்டி மரம், தோதகத்தி, தஞ்சாவூர் வீணை, யாழ், கம்பம் பள்ளத்தாக்கு, கைவினை வரலாறு.

முன்னுரை

அயல்நாட்டு இசைக்கருவி ஒன்று வேறொரு பண்பாட்டில் இடம்பெறுவது இரு நிலைகளில் நிகழ்கிறது. முதலாவது, இசைப்போர் அதனைத் தம் இசைக்கு ஏற்பப் பழக்கிக்கொள்வது. இரண்டாவது, கைவினைஞர் அதனைத் தம் மரம், தம் கருவிகள், தம் செவி ஆகியவற்றுக்கு ஏற்ப மீண்டும் படைப்பது. முன்னதை இசைவழி ஏற்பு என்றும் பின்னதைப் பட்டறைவழி ஏற்பு என்றும் குறிக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கருநாடக இசைக்குள் கொண்டுவந்தார். அங்கே பிடிக்கும் முறையும் சுருதி சேர்க்கும் முறையும் மாறின. கருவியின் உடல் மாறவில்லை. இது முதல்நிலை ஏற்பு. ஆர்மோனியத்தின் வரலாறு வேறு. ஐரோப்பாவில் காலால் மிதித்து இசைக்கப்பட்ட அக்கருவியைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி இயக்கி, மறு கையால் இசைக்கத்தக்கதாகக் கொல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் 1875இல் மாற்றியமைத்தார். அந்த மாற்றமே ஆர்மோனியத்தை நாடக மேடைக்கும் பசனை மடத்துக்கும் கட்சி மேடைக்கும் கொண்டு சேர்த்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் தம் தம்பியருடன் பாடியபோது அவர்களுடன் இருந்ததும் இந்தியப் பட்டறை உருமாற்றிய ஆர்மோனியமே ஆகும்.

கிதார் இவ்விரண்டில் எந்நிலையை எட்டியது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. பண்ணைப்புரத்திலிருந்து கிதார் நோக்கி

மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலைத் தொடரும் அரணாக நிற்க, இடையே முல்லையாற்று நீரால் செழிப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895இல் பெரியாறு அணையின் நீர் கிழக்கே திருப்பப்பட்ட பின்னர் இதன் வேளாண்மை புதிய வடிவம் பெற்றது. நெல்லும் திராட்சையும் அடிவாரத்தில் விளைய, ஏலமும் காப்பியும் தேயிலையும் மலைமேல் பரவின. மதுரை மாவட்டத்திலிருந்து 1996இல் தேனி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது.

இம்மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, 1968இல் சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். பியானோவுடன் கிதாரும் அப்பயிற்சியில் அடங்கியது. இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிதார்த் தேர்விலும் அவர் தேறினார். 1976இல் 'அன்னக்கிளி' வழியாகத் திரைக்கு வந்த அவரது இசையில், கிதார் வெறும் தாளத் துணையாக நிற்கவில்லை. சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக உதிர்த்துச் செல்லும் விரல்மீட்டு முறை பாடலின் கட்டுமானமாகவே அமைந்தது. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படப்பாடல்களில் ஒலிக்கும் கிதார், தமிழ் கேட்போரின் நினைவில் தனித்த குரலாகப் பதிந்ததற்கு இதுவே காரணம்.

கருநாடக இசை மேடையிலும் கிதார் இடம்பெற்றது. எழுபதுகளில் 'சக்தி' குழுவில் விக்கு விநாயக்ராமுடன் இசைத்த ஜான் மெக்லாக்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். வீணையில் நரம்பை இழுத்துக் கமகம் பிறப்பிக்கும் முறையைக் கிதாரில் பெற விரும்பிய அவருக்காக, மெட்டுகளுக்கு இடையே பலகை குழிவாகச் செதுக்கப்பட்டு, குறுக்கே சுருதி நரம்புகள் பூட்டப்பட்ட தனிக் கிதார் உருவாயிற்று. அதனைச் செய்தவர் அமெரிக்கக் கிப்சன் நிறுவனத்தைச் சார்ந்த கைவினைஞர் ஆபிரகாம் வெக்டர். வீணையின் அறிவு கிதாரின் உடலுக்குள் புகுந்த இந்நிகழ்வு தஞ்சாவூரிலோ சென்னையிலோ அன்றி அமெரிக்காவிலேயே நடந்தது என்பது கருதத்தக்கது. இசைவழி ஏற்பு முழுமையாக நிகழ்ந்தும் பட்டறைவழி ஏற்பு இங்கே நிகழவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2. மரம் தேரும் அறிவு: தமிழ்ப் பனுவல்களின் சான்று

நரம்புக்கருவி செய்வதற்கான மர அறிவு தமிழருக்குப் புதியதன்று. பொருநராற்றுப்படை யாழின் பத்தர், போர்வை, ஆணி, நரம்பு முதலிய உறுப்புகளை ஒவ்வொன்றாக உவமை வழி விளக்குகிறது. பெரும்பாணாற்றுப்படையின் இடையன் உட்டுளை உடைய குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரினை நரம்பாகக் கட்டித் தானே வில்யாழ் செய்துகொள்கிறான். மேய்ச்சல் நிலத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டு ஒருவனே செய்து ஒருவனே இசைக்கும் இக்காட்சி, தமிழ் இலக்கியத்தில் கருவியாக்கம் பற்றிய மிக எளிய பதிவாகும்.

சீவக சிந்தாமணி இவ்வறிவின் நுண்மையைக் காட்டுகிறது. காந்தருவதத்தையார் இலம்பகத்தில், சீவகன் தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை மரத்தின் குற்றம் கூறி ஒவ்வொன்றாக ஒதுக்குகிறான். நீரில் நின்று நெகிழ்ந்த மரம், வாளால் புண்பட்ட மரம், இடி வீழ்ந்த மரம் எனக் குற்றங்கள் வகுக்கப்படுகின்றன. கற்பனை அணியாக மட்டும் இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. இன்றைய கிதார்க் கைவினைஞரும் இதே குற்றங்களையே தேடுகின்றனர். பூஞ்சையால் நெகிழ்ந்த பலகை அதிர்வை விழுங்கும். காயம் ஆறிய இடத்தில் இழை திரும்பியிருக்கும். அத்தகைய பலகை வளைக்கும்போது முறியும். இடியோ பெருங்காற்றோ தாக்கிய மரத்தில் கண்ணுக்குத் தெரியாத குறுக்கு வெடிப்புகள் இருக்கும். அவை நரம்பின் இழுவிசையில் வாய்பிளக்கும்.

எனினும் பனுவலில் எஞ்சும் அறிவு பட்டறையில் எஞ்சும் அறிவுக்கு ஈடாகாது. யாழ் வழக்கொழிந்தபின் அதனை மீட்டறிய விபுலானந்த அடிகள் பல்லாண்டுகள் உழைத்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட வேண்டியிருந்தது. உறுப்புகளின் பெயர்கள் பாட்டிலும் உரையிலும் நின்றன. அவற்றைச் செய்த கைகளின் தொடர்ச்சி அறுந்திருந்தது. ஒரு கருவியின் வாழ்வு அதனைப் பாடும் நூலைக் காட்டிலும் அதனைச் செய்யும் பட்டறையையே மிகுதியும் சார்ந்தது என்பதை யாழின் வரலாறு உணர்த்துகிறது.

3. குடைதலும் வளைத்தலும்: இரு பட்டறை மரபுகள்

தமிழகத்தில் இடையறாது வாழும் நரம்புக்கருவிப் பட்டறை மரபு தஞ்சாவூர் வீணையுடையது. இரகுநாத நாயக்கர் காலத்தில் (1600–1634) 24 மெட்டுகள் நிலைபெற்ற வடிவமாக அது அறியப்படுகிறது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வீணைக்குரிய மரம் பலா. பண்ருட்டிப் பகுதியிலிருந்து பெரும்பாலும் பெறப்படுவது. அடிமரத்தைப் பிளந்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு குடத்தைக் குடைந்தெடுப்பதே முதன்மை வேலை. குடமும் தண்டியும் யாளிமுகமும் ஒரே மரத்தில் அமைவது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைப்பது ஒட்டு வீணை. இறுதியாக, தேன்மெழுகுக் கலவையின்மேல் மெட்டுகளைப் பதித்துச் செவியால் சுரம் பார்த்து நிறுத்துவர். 'மேளம் கட்டுதல்' எனப்படும் இவ்வேலைக்கு இசையறிவு இன்றியமையாதது.

கிதாரின் கட்டுமானம் இதற்கு நேர்மாறானது. அங்கே குடைதல் இல்லை. பிளத்தலும் இழைத்தலும் வளைத்தலுமே உள்ளன. மரம் அதன் நடுவிலிருந்து புறம் நோக்கி ஆரவாக்கில் அறுக்கப்படுகிறது. இவ்வாறு அறுத்த பலகையில் ஆண்டு வளையங்கள் முகப்புக்குச் செங்குத்தாக நிற்பதால், ஈரம் ஏறி இறங்கும்போது அது கோணுவது குறைவு. அடுத்தடுத்து அறுபட்ட இரு பலகைகளை நூல் விரிப்பதுபோல் விரித்து, நடுவே ஒட்டி, முகப்பும் முதுகும் ஆக்குவர். முகப்பிற்கு ஸ்புரூஸ், செடார் போன்ற இலகுவான ஊசியிலை மரம். முதுகிற்கும் பக்கங்களுக்கும் அடர்த்தியான கடின மரம். முகப்பு 2.5 முதல் 3 மில்லிமீட்டர் வரையும், பக்கங்கள் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்பும் வரும்வரை இழைப்புளியால் சீவப்படும். பக்கப் பலகையை நனைத்து, உள்ளே தீமூட்டிய உலோகக் குழாயின்மேல் அழுத்தி, இழை இளகும் கணத்தில் வளைப்பர். வெப்பம் மிகுந்தால் மரம் கருகும். கை முந்தினால் முறியும்.

முகப்பின் உட்புறத்தில் மெல்லிய சட்டங்கள் ஒட்டப்படுகின்றன. ஸ்பெயினின் அல்மேரியாவில் பிறந்த அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) இச்சட்டங்களை விசிறி வடிவில் செம்மைப்படுத்தி, இன்றைய செவ்வியல் கிதாரின் உருவை வகுத்தார். ஒலியின் உயிர் முகப்புப் பலகையிலேயே உள்ளதென நிறுவ, முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழால் செய்து 1862இல் ஒரு கிதாரை அவர் அமைத்தார். செருமனியிலிருந்து 1833இல் அமெரிக்கா சென்ற கி.பி. மார்ட்டின் வழிவந்த பட்டறையிலோ, பெருக்கல் குறிபோல் குறுக்கிடும் சட்டங்கள் நிலைபெற்றன. பின்னாளில் உருக்கு நரம்புகளின் கடும் இழுவிசையைத் தாங்கியது அவ்வமைப்பே.

மெட்டுகளின் இடமும் இங்கே செவியால் முடிவாவதன்று. நரம்பின் நீளம் 650 மில்லிமீட்டர் எனின், அதனை 17.817ஆல் வகுக்க வரும் 36.48 மில்லிமீட்டரே முதல் மெட்டின் தொலைவு. எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுக்க அடுத்த மெட்டு கிடைக்கும். பன்னிரண்டாம் மெட்டு சரியாக 325 மில்லிமீட்டரில், நரம்பின் நடுவில் வந்து நிற்கும். வீணைப் பட்டறையில் இசைச்செவி செய்யும் வேலையைக் கிதார்ப் பட்டறையில் கணக்கு செய்கிறது. மெழுகில் பதிந்த மெட்டை மீண்டும் நகர்த்தலாம். பலகையில் வாளால் கீறிப் பதித்த மெட்டை நகர்த்த இயலாது.

இவ்வேறுபாடே தமிழ்ப் பட்டறைகள் கிதாரை எளிதில் ஏற்காமைக்கு முதற்காரணம். குடைதலில் தலைமுறைகளாகத் தேர்ந்த கை, வளைத்தலுக்கு வேறு அச்சுகளையும் வேறு பயிற்சியையும் வேண்டியது. ஆனால் இதனைக் கடக்க முடியாத தடையென்று கொள்ளலாகாது. இழைப்புளி, உளி, மூலைமட்டம் ஆகியவை இரு மரபுக்கும் பொது. விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசை தமிழ்த் தச்சரும் ஐரோப்பியக் கிதார்ச் செய்வினைஞரும் ஒருங்கே பயன்படுத்தியது. செவ்வியல் கிதாருக்குப் பூசும் மெருகெண்ணெயின் மூலப்பொருளான அரக்கும் இந்தியக் காடுகளின் விளைபொருளே. கருவியின் உடலுக்கு வேண்டிய கடின மரமோ, மேலும் அண்மையில் இருந்தது.

4. ஈட்டி மரத்தின் பயணம்

ஈட்டி, தோதகத்தி, நூக்கு எனத் தமிழில் வழங்கும் டல்பெர்ஜியா லாட்டிஃபோலியா, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈர இலையுதிர் காடுகளுக்கு உரிய மரம். ஊதாவும் கருமையும் கலந்த வரிகள் ஓடும் இதன் வைரம், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 800 கிலோகிராம் எடை கொண்டது. தட்டினால் நெடிது ஒலிக்கும், ஈரத்தால் உருமாறுவது குறைவு, வெப்பத்தில் வளையும். கிதாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் வேண்டிய பண்புகள் மூன்றும் ஒருங்கே அமைந்தது இம்மரம்.

ஆயினும் உலகக் கிதார் வரலாற்றில் இது மாற்றுமரமாகவே நுழைந்தது. முன்னர் முதன்மை பெற்றிருந்தது பிரேசில் நாட்டு ரோஸ்வுட். அதன் பெருமரங்கள் அருகியதாலும், உருட்டுக்கட்டை ஏற்றுமதியைப் பிரேசில் கட்டுப்படுத்தியதாலும், 1969இல் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. பிற நிறுவனங்களும் அவ்வழி சென்றன. 1992இல் பிரேசில் மரம் அழிவுறும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் முதற்பட்டியலில் சேர்க்கப்பட்டபின், இந்திய ஈட்டியின் இடம் மேலும் உறுதியாயிற்று.

வணிகத்தில் இம்மரத்திற்கு 'இந்திய ரோஸ்வுட்' என்பதே பெயர். இப்பெயர் மலையையும் ஊரையும் அழித்துவிடுகிறது. வனத்துறைக் கிடங்கில் ஏலம்போன கட்டை, அறுவை ஆலையில் பலகையாகி, கப்பலேறி, கருவியாகித் திரும்பும்போது அது எந்த மலைச்சரிவில் நின்றது என்ற செய்தி அதனுடன் வருவதில்லை. சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைத்த அயல்நாட்டுக் கிதாரின் முதுகும், பண்ணைப்புரத்துக்கு மேலே எழும் மலைத்தொடரும் ஒரே மரவினத்தால் தொடர்புற்றவை. அத்தொடர்பை அறிய வழியில்லாமற் போனதற்கு இடையிலுள்ள வணிகச் சங்கிலியே காரணம்.

5. சட்டமும் சிறு பட்டறையும்

1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டு மரத்தை அரசின் உடைமையாக வரையறுத்தது. அதன்பின் மலையடிவாரத் தச்சர் மரத்தைக் காட்டில் தேர்ந்து வெட்டும் நிலை மாறி, கிடங்கில் விலைகொடுத்துப் பெறும் நிலை வந்தது. ஏலத்தில் பெருங்கட்டைகளாக வாங்கும் வல்லமை பெருவணிகருக்கே உண்டு. ஓராண்டில் சில கருவிகளே செய்யும் சிறு பட்டறைக்கு ஒரு சில பலகைகளே தேவை. இவ்விரு அளவுகளுக்கும் இடையிலான பொருத்தமின்மை இன்றளவும் நீங்கவில்லை.

ஈட்டி மரம் அருகி வருவதைக் கண்டு, 1994இல் தமிழ்நாடு அரசு அதன் பாதுகாப்பிற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. தனியார் நிலத்தில் நிற்கும் மரத்தையும் அனுமதியின்றி வெட்டுதல் அதனால் தடைசெய்யப்பட்டது. இம்மரத்தைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஊறுபடத்தக்க இனமாக வகைப்படுத்தியுள்ளதை நோக்க, இக்கட்டுப்பாட்டின் தேவை வெளிப்படை. மேகமலையும் திருவில்லிபுத்தூர்க் காடுகளும் இணைந்து 2021இல் புலிகள் காப்பகமானதும் இப்பாதுகாப்பு நோக்கின் தொடர்ச்சியே.

பன்னாட்டு அளவில் 2017 ஜனவரி முதல், முதற்பட்டியலில் உள்ள பிரேசில் மரம் நீங்கலாக டல்பெர்ஜியா இனங்கள் அனைத்தும் மேற்கண்ட உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கொணரப்பட்டன. எல்லை கடக்கும் கருவிகளுக்கும் சான்றிதழ் தேவைப்பட்டதால், இசைக்கலைஞரும் கருவி செய்வோரும் பெரிதும் இடர்ப்பட்டனர். 2019இல் முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் விலக்களிக்கப்பட்டது. கச்சா மரத்திற்கு அவ்விலக்கு இல்லை. இவ்வேறுபாடு கைவினை நோக்கில் பொருள் பொதிந்தது: மரமாகச் செல்வதைவிடக் கருவியாகச் செல்வதையே இவ்விதி எளிதாக்குகிறது. ஆயினும் அவ்வாய்ப்பைப் பயன்கொள்ளும் பட்டறைகள் மலையடிவாரத்தில் உருவாகவில்லை. கொல்கத்தாவில் ஆலைவழிக் கிதார் உற்பத்தியும், ஆரோவில் போன்ற இடங்களில் தனிக் கைவினைஞர் முயற்சியும் உள்ளன. தலைமுறை வழியே கைமாறும் மரபாக அவை தமிழகத்தில் இன்னும் வளரவில்லை.

பாதுகாப்பும் கைவினையும் ஒன்றையொன்று மறுப்பவை என்னும் கருத்து இங்கே மறுபரிசீலனைக்கு உரியது. ஒரு கிதாரின் முதுகும் பக்கங்களும் கொள்ளும் மரம், இழைத்து முடிந்தபின் எடையில் இரண்டு கிலோகிராமுக்கும் உட்பட்டது. அறைகலனாகும் ஒரு கட்டையோடு ஒப்பிட இது மிகச் சிறிது. பழைய வீடுகளின் தூண், கட்டில், அலமாரி ஆகியவற்றில் உள்ள முதிர்ந்த ஈட்டிப் பலகை, பல்லாண்டு உலர்ந்தமையால் கருவிக்கு மேலும் ஏற்றது. பலா, வேங்கை போன்ற பிற மரங்களும் ஆய்வுக்கு உரியன. குறைந்த மரத்தைக் கொண்டு மிகுந்த மதிப்பை ஆக்குவது சிறு பட்டறையின் இயல்பு. காட்டைக் காக்கும் கொள்கைக்கு அவ்வியல்பு பகையாவதில்லை.

முடிவுரை

கிதார் தமிழிசையில் இசைவழி ஏற்பை முழுமையாகவும், பட்டறைவழி ஏற்பைத் தொடக்கநிலையிலும் பெற்றுள்ளது. இதற்கு மூன்று காரணங்கள் இக்கட்டுரையில் இனங்காணப்பட்டன. குடைதலை அடிப்படையாகக் கொண்ட வீணைப் பட்டறை மரபுக்கும், வளைத்தலை அடிப்படையாகக் கொண்ட கிதார்ப் பட்டறை மரபுக்கும் இடையிலான நுட்ப வேறுபாடு முதலாவது. ஈட்டி மரம் பெயரற்ற வணிகப்பொருளாகக் கப்பலேறியது இரண்டாவது. சிறு அளவில் மரம் பெறுவோரைக் கருதாத வன நிருவாக அமைப்பு மூன்றாவது.

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஒரு விளைபொருளுடன் அதன் நிலத்தின் பெயர் சட்டவழி இணைந்தது. மலையின் மரத்திற்கும் அதன் ஒலிக்கும் அத்தகைய பெயர் இல்லை. யாழின் உறுப்புகளைப் பாடல்கள் காத்தன. அதனைச் செய்யும் முறையைக் காக்கவில்லை. கிதாரின் இசையை ஒலிநாடாக்களும் குறுந்தகடுகளும் காத்துள்ளன. அதனைச் செய்யும் கைத்திறம் இம்மண்ணில் நிலைபெற வேண்டுமாயின், வீணைத் தச்சரின் செவியறிவும் கிதார்ப் பட்டறையின் கணக்கறிவும் ஒரே இருக்கையில் கூடும் பயிற்சிக்களம் தேவை. தஞ்சாவூரின் வீணைப் பட்டறைகளிலும் மலையடிவார ஊர்களின் தச்சுக் கூடங்களிலும் எஞ்சியுள்ள அறிவைக் களஆய்வு வழி பதிவுசெய்வது அதற்கு முதற்படி. அறிந்தவர் இருக்கும்போதே அது செய்யப்பட வேண்டியது.